பிரேக் இல்லாத சீட்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அப்பா நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் அரை நலம். வாசலில் நிற்கும் புது வண்டி இந்த நிமிடம் எழுபத்தாறு சதவீதம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டும். தினம்தான் போனில் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறார்? நீ கூப்பிட்டவுடன் ஸ்பீக்கரில் போடு என்பார், நான் ஒரு வரி சொன்னால் அவர் இரண்டு திருத்தம் சொல்வார், கடைசியில் உனக்குப் போய்ச் சேருவது திருத்தம் மட்டும்தான். இப்போது எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரோடு மல்லுக்கட்டப் போயிருக்கிறார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் கம்பெனி சொன்னது ஒன்று, வாத்தியார் காகிதத்தில் போட்டது ஒன்று, வண்டி நிஜமாக ஓடுவது ஒன்று. அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நான் எழுதி முடித்து உறையும் ஒட்டிவிடுவேன்.

முழங்கால் விஷயத்தை உன்னிடம் பாதிதான் சொல்லியிருந்தோம், பயந்துவிடுவாய் என்று. அத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, கற்றுக்கொள்ள வந்தவர்கள் மிதிக்க மறந்த க்ளட்சையெல்லாம் பக்கத்து சீட்டில் இருந்து இவரே மிதித்து மிதித்து அந்த மூட்டு தேய்ந்தே போய்விட்டது. இனி க்ளட்ச் இருக்கிற வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய கவலை, வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போய்க் காலை மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் கைத்தடிதான் என்றார்கள். அந்த இடமோ ஊரின் மறு கோடி. டாக்சியில் அனுப்பினேன். உன் அப்பாவைத் தெரியாதா உனக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவியா அவர்? ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு, ஸ்டியரிங்கை ஏன் ஒரு கையால் பிடிக்கிறாய் என்று ஆரம்பிப்பார். ஒரு டிரைவர் பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, கும்பிட்டு, ஐயா நீங்க இங்கேயே இறங்கிக்குங்க, காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தக் காலோடு நொண்டி நொண்டி வீடு வந்தவர், இனிமேல் எவன் பக்கத்திலேயும் உட்கார மாட்டேன் என்று நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிசியோதெரபி நின்றது. ராத்திரியெல்லாம் வலியில் புரள்வார், பகலெல்லாம் தெருவில் போகிற வண்டிகளுக்கு மார்க் போடுவார், ஒருத்தரும் பாஸ் ஆகவில்லை. எனக்கு வெறும் பயம்தான் குட்டி. இந்த மனுஷன் அந்த ஜன்னலோடே முடங்கிப் போய்விடுவாரோ என்று தையல் மெஷினில் உட்கார்ந்தால் வேலை ஓடாது.

அப்போதுதான் நீ சொன்னாய், கரண்டு வண்டியில் க்ளட்சும் இல்லை கியரும் இல்லை, அப்பாவே ஓட்டிக்கொண்டு போகலாமே என்று. பிடித்தேன் அதை. ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். போகிற இடமெல்லாம் கதவை அடித்துச் சாத்திச் சத்தம் கேட்பார், டயரை உதைப்பார், பானட்டைத் திறக்கச் சொல்வார். கடைசியாகப் போன இடத்தில் ஒரு பெண், நல்ல பொறுமைசாலி, திறந்து காட்டினாள். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் பை வைக்கிற மாதிரி ஒரு பள்ளம். ஆளே இல்லாத வீட்டைத் திறந்து காட்டுறியேம்மா என்றார். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பாருங்கள் என்றதும் இவர் பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டில் போய் ஏறி, காலால் தரையைத் துழாவி, இங்கே பிரேக் எங்கே என்று கேட்டார். அது எந்த வண்டியிலும் வராது சார், உங்கள் ஸ்கூல் வண்டிக்குத் தனியாக வைத்தது என்று அவள் சொல்ல, அப்ப இந்த சீட்டுல உட்கார்றவன் எதை நம்பி உட்காருவான் என்று இவர் மடக்கினார். ஓட்டுறவங்களை நம்பித்தான் சார் என்றாள் அவள். காதில் விழக்கூடாத வார்த்தை விழுந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு இந்தப் பக்கம் வந்து ஓட்டிப் பார்த்தார். புறப்பட்டது நன்றாகத்தான் இருந்தது. முதல் திருப்பத்தில் அந்த இடது கால் தானாகக் கிளம்பிப் போய் க்ளட்சைத் தேடி, அங்கே இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. அந்தப் பெண்ணின் மூக்குக்கண்ணாடி பறந்து முன்னால் போய் விழுந்தது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, க்ளட்ச் இருக்க வேண்டிய இடத்துல எவனோ பிரேக்கை வச்சிட்டான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு நாளில் பழகிவிடும் என்று நான்தான் பிடிவாதமாகச் சாம்பல் நிறத்தில் ஒன்றைச் சொல்லி வாங்கிவிட்டேன்.

வண்டி வந்த மறுநாள் காலை அதை எடுக்கப் போனவர், வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துகிறார். சத்தமே வராத வண்டியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன கேட்கும்? அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். எதிர்வீட்டு வாத்தியார் வந்து நின்றுகொண்டு பேட்டரி பழசாக இருக்கும் என்றார். ஷோரூமுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்த பிறகு அந்தப் பெண், சார் வயரைக் கழட்டினீங்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சமையலறை ஜன்னல் வழியாக நான் கொடுத்திருந்த வயர் அப்படியே வண்டியில் செருகிக் கிடந்தது. வாத்தியார் சத்தம் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொரு கூத்து, என் அயர்ன் பாக்ஸும் இந்த வண்டியும் ஜென்ம விரோதிகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வீடே இருண்டுவிடும். இவர் வண்டிக்குப் போட்டால் நான் பிடுங்குவேன், நான் அயர்ன் போட்டால் இவர் பிடுங்குவார்.

கால் பழகவில்லை குட்டி. அதுதான் உன்னிடம் மறைத்தது. இருவருமாக மார்க்கெட் பக்கம் போகையில் மறுபடியும் அந்தக் கால் புறப்பட்டுப் போய் மிதிக்க, பின்னால் வந்த பால் வண்டிக்காரர் மயிரிழையில் நிறுத்தினார். இறங்கி வந்து, ஐயா நீங்கதானே எனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்தீங்க, இப்படித் திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு தலையில் குட்டிச் சொன்னீங்களே என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி என்று என் வாய் வரை வந்தது, உன் அப்பாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மறுபடியும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் சாவியை நான் எடுத்தேன். நான் ஓட்டுகிறேன், சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் மார்க்கெட் பின்னால் இருக்கிற புது டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றேன். அந்த ஸ்கூல் பெயரைச் சொன்னதும் நாற்காலியில் இருந்து எழுந்த வேகத்துக்கு முழங்கால் வலியையே காணோம்.

நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை சொல்லிக்கொடுக்க முயன்று, உனக்குக் கையும் காலும் ஒத்து வராது என்று கைவிட்டவர்தான். அதைச் சொன்னபோது நான் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். துணியைக் கையில் திருப்பிக்கொண்டு காலால் மோட்டாரை அடக்கி காலர் தைக்கிறவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? இந்த வண்டியில் ஏறி மிதித்த பிறகுதான் புரிந்தது, இது என் தையல் மெஷின்தான். மிதித்தால் ஓடும், காலைத் தளர்த்தினால் தானாக வேகம் குறையும், வளைவில் மெல்லத் திருப்ப வேண்டும். மூன்றாம் நாளே தெருவைச் சுற்றி வந்துவிட்டேன். எனக்குக் கஷ்டமே இல்லை, கஷ்டமெல்லாம் பக்கத்து சீட்டுக்குத்தான். நான் ஓட்ட ஓட்ட அவர் தரையை மிதித்து மிதித்து காலடியில் போட்டிருந்த புது ரப்பர் விரிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. இல்லாத க்ளட்சை மிதி மிதி என்று கத்துவார். பார்த்தேன், வெல்டிங் கடைக்காரரிடம் போய், பழைய ஸ்கூல் வண்டியின் பக்கத்து சீட்டு பிரேக் பெடலைக் கழற்றி ஒரு பலகையில் ஸ்பிரிங்கோடு பொருத்தித் தரச் சொல்லி, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அது எதோடும் சேராது, வெறும் பலகை. ஏறி உட்கார்ந்தவர் வலது காலால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். இது பொம்மைன்னு எனக்குத் தெரியும், ஆனாலும் இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து கத்தல் பாதி குறைந்தது. லைசென்ஸ் டெஸ்டில் அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கனைத்துக்கொண்டிருந்த உன் அப்பாவையே பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார். அவரும் பழைய மாணவராம். எனக்கு லைசென்ஸ் கிடைத்தது, அவருக்கு மூச்சு வந்தது.

மறுபடியும் பிசியோதெரபி ஆரம்பித்துவிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, கால் முன்னைவிட மடங்குகிறது. ஆனால் போகும்போதும் வரும்போதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார், பலகையை மிதிப்பார், வீடு வந்து சேரும்போது பயிற்சி செய்த காலைவிடப் பலகையை மிதித்த கால்தான் அதிகம் வலிக்கும். இப்படியே போனால் ஒரு நாள் இதையும் வேண்டாம் என்று நிறுத்திவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். போன வியாழக்கிழமைக்கு முந்தின நாள் தைத்த சட்டை நிறைய சேர்ந்துவிட்டதால் நான் அயர்ன் பாக்ஸையே போட்டு வைத்திருந்தேன், வண்டிக்கு அரைகுறைச் சார்ஜ்தான். வியாழக்கிழமை பிசியோதெரபிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ரோட்டில்தான் கண். ரொம்ப நேரமாகத் திட்டு வரவில்லையே என்று திரும்பிப் பார்க்கிறேன், உன் அப்பா தூங்குகிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை. எத்தனை வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்தவர், யார் ஓட்டினாலும் ஒரு தடவை கண்ணை மூடியதில்லை குட்டி. எங்கள் கல்யாண வண்டியிலேயே டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்த மனுஷன்.

வீடு வந்தது. வாசலில் நிறுத்தப் போனேன், வேகம் குறைந்ததும் புரண்டு முனகினார். வலி வந்த நாளில் இருந்து ஒரு ராத்திரி முழுசாகத் தூங்காதவர். எனக்கு எழுப்ப மனசு வரவில்லை. காலைத் தளர்த்தாமல் அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். தெருவைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, மறுபடியும் வாசல், மறுபடியும் தாண்டல். உன் போனில் இருக்கிற ஆப்பில் வண்டி ஒரே இடத்தைச் செக்கு மாதிரி சுற்றினதாகக் காட்டியிருக்கும், அது இதுதான், கோளாறு ஒன்றும் இல்லை. வாத்தியார் குடையோடு வாசலில் நின்று, ஒவ்வொரு தடவையும் நிறுத்தத் தெரியவில்லையா என்று கையால் கேட்டார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு ஓட்டினேன். கடைசியில் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வண்டி தானாக மெதுவாகி நின்றேவிட்டது.

உன் அப்பா கண் விழித்தார். வெளியே பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தீர்ந்தது கதை, இனி ஒரு வாரத்துக்குப் பாட்டுத்தான் என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல, சுத்திக்கிட்டே இருந்தேன், சார்ஜ் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன். வாத்தியாரும் பக்கத்துக் கடைக்காரர்களும் மழையோடு ஓடி வந்து வண்டியைத் தள்ளத் தயாராக நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் இறங்கி நின்று, யார் எங்கே கை வைக்க வேண்டும், எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்று தெருவையே நடத்தியிருப்பார். அன்றைக்கு இரண்டு காலையும் மேலே இழுத்து வைத்துக்கொண்டு, சீட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். நம்ம வாசல் சரிவு, பிரேக்கை நீ பார்த்துக்கோ என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் திரும்பி வருகிற சத்தம் கேட்கிறது, சண்டையில் ஜெயித்துவிட்டார் போலிருக்கிறது, நிறுத்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்கு முன்னால் சமாதானமாகி, நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே, அந்த ஆப்பில் விளையாட்டுக்குக்கூட ஹாரனை அழுத்தாதே. நீ அங்கிருந்து அழுத்தியதற்கு உன் அப்பா இங்கே ஆளில்லாத வண்டியை அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார். நீ ஊருக்கு வரும்போது அழைத்துப் போக நான்தான் வருவேன், அப்பா கூட வருவார், தூங்கினால் நீயும் சத்தம் போடாதே.

இப்படிக்கு,
லைசென்ஸ் உள்ள உன் அம்மா