முறிந்த ஊசிமுனை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. எண்டோஸ்கோப் ஒருவழியாக கிளினிக்குக்கு வந்து சேர்ந்தது. பென்சில் முனையளவு கேமரா. ஈறை லேசாகக் கீறினால் போதும், பல்வேரின் நுனி திரையில் பெரிதாகத் தெரியும். வாங்க: தையல் நூல், கையுறை, காபித்தூள்.

முதல் கேஸ் காசியம்மா. மலைமேல் சாமை விதைப்பவள். போன வருஷம் அவளுக்கு வேர் சிகிச்சை செய்தது நான்தான். சுரண்டும் ஊசி உள்ளேயே முறிந்தது. சொல்லவில்லை. வலிக்கிறது என்று நாலு தடவை மலையிறங்கி வந்தாள். கடைசியில் அவள் புருஷன் வேடியப்பனிடம், "பல்லுல ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் மனசுலதான்" என்றேன். இப்போது ஈறில் சீழ்.

ஜூலை 9, புதன்

ஆபரேஷன். நாற்பது நிமிஷம். எலும்பில் பட்டாணியளவு துளை. திரையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். துளையிடும் கருவியை வெளியே எடுத்த நேரம், திரையைப் பார்த்து மரத்த வாயோடு குழறினாள்.

"இன்னா டாக்டரம்மா அது, மின்னுது?"

"எலும்புதான். பேசாதீங்க."

நர்ஸ் செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊசித் துண்டை வேர் நுனியோடு வெட்டியெடுத்து, அடைத்து, தைத்தாயிற்று. துண்டு குப்பையில். படத்தை அழித்துவிட்டேன். சுத்தமான வேலை. கொஞ்சம் பெருமைகூட. வெட்கக்கேடு.

ஜூலை 10, வியாழன்

மத்தியானம் செல்வி: "மேடம், அந்தம்மா முழங்கையில தழும்பு. வலின்னு சாமைக் கொல்லிக்கு வேலைக்குப் போகாம படுத்ததுக்கு அவரு விறகுக் கட்டையால அடிச்சாராம். டாக்டரே நடிப்புன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லி சொல்லி அடிச்சாராம்."

நடிப்பு என்று நான் சொல்லவே இல்லை. மனசு என்றுதான் சொன்னேன்.

தோசை மாவு புளித்துவிட்டது. பிரெட்.

ஜூலை 16, புதன்

வெயில். தையல் பிரித்தேன். வீக்கம் இல்லை. நன்றாகத் தூங்கினாளாம். பலாப்பழம் ஒன்று கொண்டுவந்திருந்தாள். வேடியப்பனும் கூட வந்திருந்தான். கதவோரம் நின்று துண்டை முறுக்கினான்.

"டாக்டரம்மா, அப்போ போன வருசம் இவளுக்கு நெசமாவே வலிச்சுதுங்களா?"

நாற்காலியிலிருந்து காசியம்மா என்னையே பார்த்தாள். ஆமாம் என்றால், அன்றைக்கு ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பான்.

"இது இப்ப வந்ததுங்க. ஒரு மாசம் இருக்கும்."

அவன் முகம் தெளிந்தது. அவள் பக்கம் திரும்பினான். "பாத்தியா?"

அவள் எழுந்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்தது ஒரு குழந்தைக்குப் பால்பல்.