எனக்குத் தெரிந்த கெமர்

பிப்ரவரி 6, 2024. புனோம் பென், கம்போடியா

குடிதண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது. கீழே போய்ச் சொன்னேன். வீட்டுக்காரி பொங் சொப்பியா மளிகைக்கடைக் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே தலையாட்டினாள். பொங் என்றால் இங்கே அக்கா. குடிவந்த அன்றே என் வயதைக் கேட்டு, தனக்கு ஐந்து வயது கூடுதல் என்று கணக்குப் போட்டு, அப்போதே அக்கா ஆகிவிட்டாள். இந்த ஊரில் வயதைக் கேட்காமல் யாரும் பேச்சையே தொடங்குவதில்லை. டெக்சாஸில் இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் எச்.ஆர். வரைக்கும் போகும்.

சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் சாப்பிட்டேன், என் மகள் சாப்பிட்டாளா தெரியவில்லை என்றேன்.

எனக்குத் தெரிந்த கெமர் பாஷை இவ்வளவுதான். வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி லேபில் நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆங்கிலம் வரும். சந்தையில் விலை கேட்கத் தெரியும், பேரம் பேசத் தெரியாது. மற்றபடி தடுமாறாமல் சொல்ல வருவதெல்லாம் ஆஃபீஃபாவைப் பற்றித்தான். என் மகளுக்குப் பதினேழு வயது. என் மகள் அமெரிக்காவில், ஆலன் என்ற ஊரில், அவள் வாப்பாவோடு இருக்கிறாள். என் மகளுக்குக் கொத்தமல்லி ஆகாது. சொப்பியா ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுப்பாள், மறுநாள் நான் இன்னொன்று கொண்டுபோவேன்.

காலையில் ஆலனுக்கு போன் செய்தேன். மச்சான்தான் எடுத்தார். கட்டினவரை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஆஃபீஃபா ஹோம்வொர்க் செய்கிறாளாம். ஆகஸ்டிலிருந்து அவளுக்கு ஹோம்வொர்க் முடிந்தபாடில்லை.

பிப்ரவரி 19

டிரைவிங் டெஸ்டில் ஆஃபீஃபா இரண்டாம் தடவையும் ஃபெயில். பின்னால் எடுத்து நிறுத்தும் இடத்தில்தான் கோட்டை விடுகிறாளாம். "நான் சொன்னேன்னு காட்டிக்காத நிஷா" என்றார் மச்சான். எப்படிக் காட்டிக்கொள்வது? பேசினால்தானே!

நான் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் அவள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "யூ பிக்ட் அ லேப் ஓவர் மீ." அவளை விட்டு லேபைத் தேர்ந்தெடுத்தேனாம். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் நான் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? இந்த ஒரு வருஷக் காண்ட்ராக்ட்தான் நான் எனக்கென்று கேட்டு வாங்கியது. கேட்டது தப்பு என்று இன்றைக்கும் தோன்றவில்லை. அவளை விட்டு வந்திருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மை. என்ன செய்ய?

கீழே போய்க் கெமரில் சொன்னேன்: என் மகள், கார், பின்பக்கம், முடியவில்லை. ஆட்டோக்கார வண்ணாவும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். தினமும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர். ஓட்டுவது நம்மூர் ஆட்டோதான், இந்தியாவிலிருந்தே வருகிறது. டெஸ்ட் எடுக்கும் ஆபீசரின் குணத்தைப் பற்றி அவர் ரொம்ப நேரம் விசாரித்தார். சொப்பியா அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்று கேட்டாள். அன்றைக்குத் தன் கடைவாசல் சாமிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கூட வைப்பாளாம். வைத்துக்கொள்ளட்டும். நான் என் தொழுகையில் கேட்டுக்கொள்கிறேன். யார் கேட்டு நடந்தால் என்ன?

மார்ச் 12

முதல் நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றதும் சொப்பியா பயந்தே போய்விட்டாள். மூன்று தடவை மாடிக்கு வந்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்தாள். சாயங்காலம் வண்ணா பள்ளிவாசல் பக்கத்தில் இந்த ஊர்ச் சாம் இனத்து முஸ்லிம் கடையிலிருந்து சோறும் கோழியும் வாங்கிக்கொண்டு நிற்கிறார். சொப்பியா அனுப்பியிருக்கிறாள். முஸ்லிம் கடையா என்று இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்கினாராம்.

பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது ஆலனில் அவர்கள் சஹர் சாப்பாட்டை முடித்திருப்பார்கள். இப்போது அங்கும் இங்கும் கடிகாரம் ஒரே எண்ணைக் காட்டுகிறது. இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடியல்.

மார்ச் 20

ஆஃபீஃபாவிடமிருந்து மெசேஜ். "ஓகே." நான் என்ன கேட்டேன் என்பதே மறந்துவிட்டது. ஓகே என்கிறாளே, அது போதும்.

ஏப்ரல் 10

பெருநாள். நெய்ச்சோறு பொங்கி, கறி ஆக்கி, சந்து முழுவதும் கொடுத்தேன். வண்ணா மூன்றாம் தட்டுக்கு வந்தார். எல்லோரும் போனபிறகு பாத்திரம் கழுவும்போது அழுகை வந்துவிட்டது. புதுச்சட்டைக்குப் பட்டன் சரியில்லை என்று சண்டை போட ஆள் இல்லாமல் என்ன பெருநாள்?

போன் செய்தேன். "ஈத் முபாரக் உம்மா" என்றாள் ஆஃபீஃபா. போனை வாப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஜூன் கடைசிக்குள் பதில் வேண்டும். இருக்க ஆசையா என்று கேட்டார். ஆசைதான் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. "ஸ்கூல் லீவு விட்டதும் அவளைக் கூட்டிட்டு வர்றேன். மூஞ்சிய பாத்துக் கேளு, நிஷா. போன்ல வேணாம்" என்றார்.

ஏப்ரல் 14

இவர்களுக்குப் புத்தாண்டு. ஊரே காலி. மிச்சம் இருந்த பிள்ளைகள் தண்ணீரும் பவுடரும் அடித்ததில் நான் வெள்ளைக்காரியாகவே வீடு வந்து சேர்ந்தேன்.

மே 21

மூன்றாவது தடவையும் ஃபெயில். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லையாம். கூட நான் இருந்திருந்தால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். கதவுக்கு வெளியேகூட இல்லாத உம்மா நான்.

சொப்பியாவிடம் சொன்னேன். வாழைப்பழம் வைத்தும் இப்படியா என்று சாமியை முறைத்தாள்.

ஜூன் 2

வந்துவிட்டார்கள். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்தேன், கட்டையாக நின்றாள். எவ்வளவு உசந்துவிட்டாள்! ஹெட்போனைக் கழற்றவில்லை. பரவாயில்லை, நேரில் நிற்கிறாளே.

சந்துக்குள் நுழைந்ததும் சொப்பியா கடையிலிருந்து ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஆஃபீஃபா, ஆஃபீஃபா என்று பேரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தடவுகிறாள். அதோடு நின்றிருக்கலாம். வண்ணா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல வந்தார். "கார் டெஸ்ட், த்ரீ டைம் நோ. நோ பிராப்ளம்!"

அவள் முகம் செத்துப்போயிற்று. மாடிக்கு வந்து கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தாள். "யூ டோல்ட் தெம்? யூ டோல்ட் த ஹோல் ஸ்ட்ரீட் ஐ ஃபெயில்ட்?" போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

யா அல்லா. பத்து மாசமா எந்த நாளுக்காகக் காத்துக் கெடந்தேன், இப்படியா ஆகணும்? ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லா முன்னால நின்னு புள்ள மானத்த வித்திருக்கேன். வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்தா என்ன?

ஜூன் 3

சாப்பிடவில்லை. மச்சான் நடுவில் கிடந்து தவிக்கிறார். பாவம்.

ஜூன் 5

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் மழை. நூடுல்ஸ் வாங்குகிறேன் என்று அவளே கீழே போனாள். ஐந்து நிமிஷ வேலை. ஒரு மணிநேரம் ஆயிற்று. எட்டிப் பார்த்தால் சொப்பியாவின் கடைக்குள் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஆஃபீஃபா உட்கார்ந்திருக்கிறாள், எதிரே சொப்பியா, நடுவில் வண்ணா மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். நான் இறங்கப் போனேன். மச்சான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

மேலே வந்து ஈரச் செருப்போடு என் முன்னால் நின்றாள்.

"உம்மா, தே நோ அபௌட் மை நீ."

வாலிபால் ஆடி விழுந்த முழங்கால். எந்தக் கால் என்றுகூடச் சொப்பியாவுக்குத் தெரிந்திருக்கிறது. பல்லுக்குப் போட்ட கம்பியைக் கழற்றியாயிற்றா, தோழி ஸ்ம்ருதியோடு சண்டை தீர்ந்ததா, இன்னும் விளக்கைப் போட்டுக்கொண்டேதான் தூங்குகிறாயா. எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நூடுல்ஸில் கொத்தமல்லி போடாமல் கொடுத்திருக்கிறாள். சொல்லாமலே.

வேறு எதையுமே நீங்கள் இவர்களோடு பேசவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வேற என்ன பேச வரும் எனக்கு?" என்றேன். பொய் இல்லை.

சொப்பியா என்னை மாதிரி நடித்துக் காட்டினாளாம். கையில் துணிப்பையை மாட்டிக்கொண்டு, படியிறங்கி வந்து, மூச்சு வாங்க, என் மகள், என் மகள் என்று. வண்ணா சொன்னதை ஆஃபீஃபா அப்படியே சொல்லிக் காட்டினாள். "தினமும் காலையில உன் உம்மா வர்றாங்க. என் மகள், என் மகள். நாங்க சொன்னோம், இன்னிக்கு மகள் வேணாம், மழையப் பத்திப் பேசுன்னு. அதுக்கு அவங்க, என் மகள் ஊர்ல இப்போ மழையே இல்லைங்கறாங்க."

சொல்லும்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அசையவில்லை. அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று பயம்.

ஜூன் 9

சந்தின் கடைசியில் வண்ணா தன் ஆட்டோவில் அவளை உட்காரவைத்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். சொப்பியா கடைத் தண்ணீர்த்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சந்தே வாசலில் நின்று ஆளுக்கொரு திசையில் கைகாட்டியது. முதல் தடவை தொட்டியில் இடித்தாள். சொப்பியா தொட்டியைத் திட்டினாள்.

ஜூன் 14

இன்று கிளம்பினார்கள். பெட்டி கட்டும்போது அவளே கேட்டாள், "ஆர் யூ ஸ்டேயிங்?"

வாப்பா சொல்லியிருக்கிறார் போல. நீ சொல்லு, உனக்கு வேணாம்னா வந்துடறேன் என்றேன். அதற்குக் கோபம் வந்தது. என் தலையில் கட்டாதீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றாள். நியாயம்தான். பிறகு ஜிப்பை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஐம் ஸ்டில் அ லிட்டில் மேட், ஓகே?" என்றாள்.

கொஞ்சம்தான் கோபமாம். ஆகஸ்டில் நான் கிளம்பி வந்தபோது அளக்க முடியாத கோபம்.

ஏர்போர்ட்டுக்குச் சொப்பியாவும் வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். அவள் கடையைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 28

பதில் எழுதிவிட்டேன். ஒரு வருஷம் முடியாது, டிசம்பர் வரைதான். அதற்குள் லேப் பிள்ளைகள் தனியாக நின்றுவிடுவார்கள். அவளுடைய ஸ்கூல் கடைசி வருஷத்தின் பின்பாதியில் நான் ஆலனில் இருப்பேன். ஆஃபீஃபாவிடம் நானே போனில் சொன்னேன். "குட்" என்றாள். ஹோம்வொர்க் இருப்பதாகச் சொல்லவில்லை. லீவில் ஏது ஹோம்வொர்க்!

ஜூலை 23

காலையில் தலைவாரிக்கொண்டிருந்தேன். சொப்பியா படியேறி மூச்சுவாங்க வந்தாள், கையில் போன். என் மகள் லைசென்ஸைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், படத்தில். பாஸ்! என் போனை எடுத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. முதலில் சொப்பியாவுக்குத்தான் அனுப்பியிருக்கிறாள்.

உனக்கு எதற்கு அனுப்பினாள் என்று கேட்டேன். பொறாமைதான், மறைப்பானேன். போன மாதத்திலிருந்தே தினமும் டெலிகிராமில் பேசி அனுப்புகிறாளாம். எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். என்னுடையதைவிட மோசமான கெமர். என் உம்மா சாப்பிட்டாங்களா. என் உம்மா சிரிக்கறாங்களா. என் உம்மாவுக்கு இருமல் போச்சா.

சொப்பியா படியிலேயே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"உம்மா, உம்மான்னு தினமும் இதே பேச்சு. நேத்து சொன்னேன், இன்னிக்கு உம்மா வேணாம், மழையப் பத்திப் பேசுன்னு. அதுக்கு, மழையில உம்மா குடை எடுத்துட்டுப் போறாங்களான்னு கேக்குது."