இரண்டரை அங்குல உயரம்

இஞ்சேருங்கோ,

உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இந்த மடலும் அப்படியே தொடங்கட்டும்.

மாதா கோயிலில் பூசை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கோட்டைக் கழற்றி மாட்டப் போனால் அதன் கீழ்விளிம்பில் கறுப்பாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். துருப் பிடிக்காமல் இருக்கவென்று வருடா வருடம் குளிருக்கு முன்னர் பிக்கப்பின் அடியில் அடிப்பிப்பீர்களே, அந்த எண்ணெய். முன்பென்றால் இந்த மணத்துக்கு வீட்டை இரண்டாக்கியிருப்பேன். இன்று கோட்டைக் கதிரையில் விரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

விட்பிக்கு வீடு மாறிய முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? புது வீடு, புது றோட்டு, நடந்து போக ஒரு கடை இல்லை. பனி கொட்டினால் நகரசபை வண்டி வந்து றோட்டைத் துப்புரவாக்கிவிட்டு, வழித்த பனியை எங்கள் வாசலுக்குக் குறுக்கே வயல் வரம்பு மாதிரிக் கட்டிவிட்டுப் போகும். விடிய வேலைக்கு வெளிக்கிடும் உங்கள் பழைய பிக்கப் அந்த வரம்பில் வயிறு முட்டி நின்றுவிடும். சில்லுச் சுழலும், வண்டி அசையாது. நான் பனி அள்ளும் சவலை எடுத்து நீட்டினேன். நீங்கள் லிஃப்ற் என்றீர்கள்.

வண்டியின் உடம்பைச் சில்லுகளுக்கு மேலே உயர்த்தி வைக்கிற வேலைக்குத்தான் அந்தப் பெயர் என்று எனக்கு விளங்கவே சில நாட்கள் சென்றன. பிறகு வீட்டில் வேறு கதை இல்லை. இரண்டு இஞ்சா, நாலு இஞ்சா? முன்பக்கத்துக்கு மட்டும் கட்டை வைப்பதா, பின்பக்க ஸ்பிறிங்கையும் மாற்றுவதா? சாப்பாட்டு மேசையில் போன் இருக்கும். அதற்குள் யாரோ ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கத்துவார். நீங்கள் புட்டுக் குழைத்த கையோடு அவருக்குத் தலையாட்டுவீர்கள். நாலு போட்டால் பழைய வண்டியின் மூட்டுகள் தாங்குமா என்று கவலைப்பட்டீர்கள். என்னுடைய மூட்டுகளை ஒருவரும் விசாரிக்கவில்லையே என்று நான் முணுமுணுத்தது காதில் விழுந்திருக்க வேண்டும்.

நல்ல கோடை வெக்கை. நான் வீட்டில் போடும் சோட்டியோடு அடுப்படியில் நின்றேன். நீங்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில் அளவுநாடாவோடு குந்தியிருந்தீர்கள்.

"இஞ்ச வாரும். முதல் படியை விட்டிட்டு ரெண்டாவதில காலை வையும் பாப்பம்."

"கறி அடிப்பிடிக்கப் போகுதப்பா."

"ஒருக்கா வையுமன்."

அகப்பையோடு வந்து வைத்தேன். கைபிடியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறியும் காட்டினேன். வீம்புதான், வேறென்ன. நீங்கள் நாடாவை இழுத்துப் பார்த்து, "ரெண்டரை காணும். உமக்கும் சரி, வண்டிக்கும் சரி" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். வெறுங்காலோடும் சோட்டியோடும் கோடையில் அளந்த அளவு அது. சீலை உடுத்து, அதன்மேல் தடித்த கோட்டும் போட்டு, காலில் பனிச் சப்பாத்தோடு நான் நத்தார்ப் பூசைக்கு ஏற வேண்டிய நாள் எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில் வரவில்லை. எத்தனை குளிரைக் கண்டாலும் எங்கள் ஆட்கள் இந்த நாட்டைக் கோடையில்தான் அளப்பார்கள். அதோடு, ரயரையும் பெரிதாகப் போட்டு இன்னும் ஒரு இஞ்ச் உயர்த்திக்கொண்டு வந்து நின்றீர்கள். அதை என்னிடம் மூச்சும் விடவில்லை.

அந்த நத்தாருக்குக் கால் எழும்பவே இல்லை. சீலை விடவில்லை. கடைசியில் நீங்கள் பின்னால் நின்று தோள் கொடுத்து என்னை உள்ளே தள்ளினீர்கள். பக்கத்து வீட்டுக்காரி யன்னலால் பார்த்தாள். அடுத்த நாளே நான் மிதித்து ஏற ஒரு நீல பிளாஸ்ரிக் ஸ்ரூலோடு வந்தீர்கள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நீங்கள் ஸ்ரூலை வைத்துக் கை கொடுப்பீர்கள், நான் ஏறுவேன். ஸ்ரூலைப் பின்பெட்டிக்குள் எறிந்துவிட்டுப் போய் ஓட்டுவீர்கள். போய்ச் சேர்ந்ததும் முன்பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறப்பீர்கள்.

"திருவிழாக் கூட்டால மாதா சுருவத்தை இறக்கிற மாதிரியெல்லே உம்மை இறக்க வேண்டிக் கிடக்கு."

ஒவ்வொரு முறையும் இதே பகிடி. ஆனால் கூட்டுத் தேரிலிருந்து சிலையை இறக்க மாதாவைச் சுற்றி எத்தனையோ பேர் நிற்பார்கள். எனக்கு நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவர் மில்லிக்கன் பிளாசாவில் "இருமன், இப்ப வாறன்" என்று மீன் வாங்கப் போனால், உள்ளே யாரோ தெரிந்த ஆளைக் கண்டுவிடுவார். ஒரு நாள் இருந்து இருந்து என் மூச்சாலேயே கண்ணாடி புகார் கட்டிவிட்டது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே விட்டுப் பார்த்தேன். நிலம் எட்டவில்லை, எட்டினாலும் கீழே பளபளவென்று ஐஸ். காலை இழுத்துக்கொண்டேன். ஹோர்ண் அடித்தேன். முன்னால் நின்ற கார்க்காரன் தன்னைத்தான் நகரச் சொல்கிறேன் என்று நினைத்துக் கையை விசுக்கினான். நீங்கள் மீன் பையோடு ஆடி அசைந்து வந்து, "உள்ள வந்திருக்கலாமே?" என்று கேட்டீர்கள் பாருங்கள்!

"நான் என்ன சாமானே, ஏத்திறதுக்கும் இறக்கிறதுக்கும்?"

"சாமானெண்டால் பின்னாலயெல்லே போட்டிருப்பன்."

கோபத்துக்குள்ளும் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் காட்டாமல் விட்பி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு, போன பங்குனியில் நெஞ்சு நோகுது என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் மகனின் காரில் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் யாரோ ஒருவருடைய காரில்தான் போனேன். எல்லோரும் நல்லவர்கள். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அன்ரி, நாங்கள் வந்து ஏத்துறம்" என்பார்கள். அவர்கள் வரும் நேரத்துக்கு நான் வெளிக்கிட வேண்டும். பூசை முடிந்த பிறகு, கோட்டையும் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் வேர்க்க வேர்க்க நிற்க வேண்டும், அவர்கள் கதைத்து முடிக்கும் வரை. வழியில் மரக்கறிக் கடையில் இறங்க வேண்டும் என்று சொல்ல வாய் வராது. வீட்டுக்கு வந்தால் நாலு சுவர். மேலே ஒரு ஆள் நடக்கிற சத்தம் கூட இல்லை. உங்களை நினைத்து அழுதேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி அழுகை வாசலைத் தாண்ட முடியாததற்கு.

றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மகன் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தான். "அம்மா, உந்தப் பிக்கப்பை வித்துப்போட்டு எங்களோட வந்திருங்கோ. பேஸ்மென்ற் முழுக்க ரினவேற் பண்ணியாச்சு. யூ டோன்ற் ஹாவ் ரு டிறைவ் அற் ஆல்." நான் வண்டியே ஓட்டத் தேவையில்லையாம். போய்ப் பார்த்தேன். வடிவாகத்தான் செய்திருக்கிறான். நிலத்துக்குக் கீழே என்பதால் யன்னல் மட்டும் கூரையை ஒட்டி இருக்கிறது. அதால் பார்த்தால் புல்லும், போகிற வருகிறவர்களின் சப்பாத்தும் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. தொழிற்சாலை வேலைக்குக் கொரோலா கார் ஓட்டிய காலத்து லைசென்ஸை ஒவ்வொரு முறையும் புதுப்பித்துக்கொண்டுதானே வந்தேன். பின்பெட்டியிலிருந்து ஸ்ரூலை எடுத்து வைத்து, உங்கள் ஆசனத்தில் ஏறி, எங்கள் வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரு பள்ளத்தில் பின்னால் "டங்" என்றது. ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டேன். என்ன சந்தோசம் தெரியுமா! கதவைத் திறந்து கீழே பார்த்தால் ஸ்ரூல் இல்லை. அது நான் ஏறின இடத்திலேயே நின்றது. நான் வண்டியைக் கொண்டுவந்து விட்டது அதற்கு எட்டாத தூரத்தில்.

என் வீட்டு வாசல். என் கையில் வீட்டுத் திறப்புக் கோர்வை. போன் அடுப்படியில். அந்த உயரத்தில் இருந்துகொண்டு உங்களை என்னவெல்லாம் பேசினேன். செத்த ஆளை அப்படிப் பேசலாமோ தெரியாது, பேசினேன். ஏற்றிவிட்டுப் போனீர்களே, இறக்க ஆர் வருவார் என்று ஒருக்கால் யோசித்தீர்களா? நாயைக் கூட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் கடைசியில் ஸ்ரூலைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த "டங்" சத்தத்தைப் பற்றி நான் சொல்ல, மகன் வண்டியை முன்பு உயர்த்திக் கொடுத்த அதே மில்லிக்கன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். நானும் போனேன். மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து மகனைப் பார்த்துச் சொன்னார்: "பின் ஸ்பிறிங்கை, பனிக்கு றோட்டில போடுற உப்புத் திண்டிட்டுது, முறிஞ்சு போச்சு. மாத்தத்தான் வேணும். இதோட பழைய உயரத்துக்கே இறக்கிவிடுவமோ? அன்ரிக்கும் ஏற லேசு."

"ஓம், இறக்குங்கோ. வித்தாலும் கெதியாப் போகும்" என்றான் மகன்.

"கேக்கிறது என்னையெல்லே தம்பி?" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கதிரையில் ஆள் இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டார்கள் போல.

"இறக்கினால் வாசல் பனியில வயிறு முட்டாதோ?"

"முட்டும்தான் அன்ரி."

"ஸ்னோ கொட்டினால் நான் வந்து கிளீன் பண்ணுவன்தானே அம்மா."

"நீ வேலை முடிஞ்சு வருமட்டும் நான் யன்னலால பாத்துக்கொண்டு இருக்கவோ?"

"அம்மா, உங்களுக்கு அதால இறங்கவே ஏலாது!" அவன் குரல் உயர்ந்துவிட்டது. பயத்தில்தான், எனக்குத் தெரியும். உங்களைப் பறிகொடுத்த பிள்ளை.

"இறங்க ஏலாட்டி வண்டிக்குள்ள இருப்பன். வெளிக்கிட ஏலாட்டி வீட்டுக்குள்ள இருக்க வேணும். வண்டிக்குள்ள இருந்தால் ஒரு இடத்துக்கெண்டாலும் போய்ச் சேந்திருப்பன்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எவ்வளவு உயரம் அன்ரி?" என்று என்னைக் கேட்டார். அந்த வண்டியைப் பற்றி என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"அவர் போட்ட அதே ரெண்டரை. ரயரை மட்டும் சின்னனாப் போடுங்கோ தம்பி. அந்த ஒரு இஞ்ச் எனக்குச் சொல்லாமல் போட்டது."

கோபிக்காதேயுங்கோ. உங்கள் அளவில் கை வைக்கவில்லை. ஒளித்து வைத்ததை மட்டும் எடுத்துவிட்டேன்.

நேற்று முழுக்கப் பனி. இன்று காலை வாசலில் வரம்பு கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி காரை விட்டுவிட்டுச் சவலோடு நின்றாள். நான் ஸ்ரூலில் ஏறி உள்ளே போய், அதன் காலில் கட்டியிருந்த சீலைக் கரைக் கயிற்றால் அதையும் மேலே இழுத்துப் பக்கத்து ஆசனத்தில் வைத்தேன். பிக்கப் அந்த வரம்பில் ஏறி, ஒரு ஆட்டம் ஆடி, அந்தப் பக்கம் இறங்கியது. கோயிலில் வழக்கமாக என்னை ஏற்றிவருகிற பிள்ளை ஓடி வந்து, "ஆரோட வந்தனீங்கள் அன்ரி?" என்றாள்.

"நான்தான் வந்தனான்."

பூசை முடிந்ததும் ஒருவருக்கும் காத்திராமல் வெளிக்கிட்டேன். வழியில் மரக்கறிக் கடையிலும் இறங்கினேன்.

ஒன்று மட்டும் பழகவில்லை. போய்ச் சேர்ந்து எஞ்சினை நிறுத்தியதும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறேன். கண் முன்கண்ணாடிக்கு வெளியே, நீங்கள் சுற்றி வருகிற வழியைப் பார்க்கும். நான் உங்கள் ஆசனத்தில் இருக்கிறேன் என்பது பிறகுதான் உறைக்கும். நான் இருந்த ஆசனத்தில் ஸ்ரூல் இருக்கும். கயிற்றைப் பிடித்து அதைக் கீழே விடுவேன். இன்றும் கோயில் வாசலில் அப்படிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் இறங்கினேன்.