சொதிச் சாப்பாடும் ஐந்து கோலும்

சிவமயம்

குற்றாலம்,
3-8-59

ஐந்து கோல் வாங்கிய அருமை மருமகன் குற்றாலிங்கத்துக்கு, உன் தாய்மாமனும் தென்காசி பொதிகைக் கால்பந்துக் கழகத்தின் ஆயுட்கால மானேஜருமான சிவசைலம் எழுதுவது. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதாகக் கேள்வி. அதுதான் பெரிய வருத்தம்.

நேற்று இங்கே சாரல் கோப்பைக் கடைசி ஆட்டத்தில் செங்கோட்டையிடம் தோற்றோம். தோற்காத கிளப் உலகத்தில் உண்டா? ஆனால் நீ பஸ்ஸில் ஏறுமுன்பே, "எங்க மாமா தேய்ச்ச எண்ணெயாலதான் தோத்தோம்" என்று சந்தை கேட்கச் சொன்னாயாம். பஸ் மேலகரம் தாண்டுவதற்குள் அந்தப் பேச்சு தென்காசிக்குப் பறந்து, மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிவிட்டு, திரும்பி என் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று காலை பால்காரன் கேட்கிறான்: "அண்ணாச்சி, எண்ணெய் மிச்சம் இருக்கா?"

சாரலில் குற்றாலம் வந்தவனுக்கு நல்லெண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவது இந்த ஊர் மரியாதை. பதினொரு பேருக்கும் அந்த மரியாதையைச் செய்தேன். பேரருவியில் அப்படிக் குளித்தால் யானைகூட மானாகத் துள்ளும். நீங்கள் துள்ளவில்லை என்றால் அருவி என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி அடுத்த மானேஜரைத் தீர்மானிக்கிறதாமே. அடுத்த மானேஜரும் நான்தான். அணியைத் திருத்தி அமைக்கத் திட்டமும் தயார்: பத்துப் பேர் இருப்பார்கள், கோல்கீப்பர் போவான். கோல்கீப்பர் யார் என்று உனக்கே தெரியும்.

நீ மன்னிப்புக் கேட்கும்வரை மேலகரம் தாண்டித் தென்காசி மண்ணை மிதிக்கமாட்டேன். அக்காளிடம் சொல்லிவிடு.

சிவசைலம்

தென்காசி,
5-8-59

மாமா அவர்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் கார்டு என் கைக்கு வருமுன் தெருவே வாசித்துவிட்டது. இனிமேல் கவரில் எழுதுங்கள்.

எண்ணெய் தேய்த்ததோடு விட்டீர்களா? "உடம்புல ஊறணும்லே" என்று சீயக்காயைத் தொடவிடவில்லை. பிறகு பசித்து வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துச் சொதிச் சாப்பாடு போட்டீர்கள். தேங்காய்ப்பால் சொதியை மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிட்டாலே விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டான். அதைப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துலே" என்று நீங்களே நின்று பரிமாறினீர்கள்.

நடந்தது உங்களுக்கும் தெரியும். பின்வரிசையில் பேக் ஆடிய மசூது கோல்கம்பத்தில் சாய்ந்து கொட்டாவி விட்டான். "மசூது, பந்து வருதுலே!" என்று கத்தினேன். "வரட்டும் அண்ணே, கிட்ட வந்ததும் எழுப்புங்க" என்கிறான். முதல் கோலை நான் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். விரால்மீன் மாதிரி வழுக்கி உள்ளே போனது. மூன்று வருஷமாக அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறேன், ஐந்து வாங்கியதில்லை.

கமிட்டியில் புளியறை டிரில் மாஸ்டர் ஏசுதாசனை முன்மொழியப் போகிறேன். பட்டாளத்து டீமில் ஆடியவர். கொல்லத்தில் இரண்டு டீம்களை உருவாக்கியவர். எல்லோருக்கும் பூட்ஸ், தினமும் விடியற்காலையில் ஓட்டம், ஆட்டத்தன்று அருவிப் பக்கம் போகக் கூடாது, ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் இஷ்டம் என்கிறார். எனக்குச் சம்மதம்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

மருமகன்,
குற்றாலிங்கம்

சிவமயம்

குற்றாலம்,
7-8-59

குற்றாலிங்கத்துக்கு,

மறுபடியும் கார்டில்தான் எழுதுகிறேன். உன் தெரு மகாஜனங்களுக்கு என் வணக்கம். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி யாராவது உரக்க வாசியுங்கள்.

பூட்ஸா? சாரல் சேற்றில் பூட்ஸ் போட்டு ஓடினால் பூட்ஸ் ஒரு கோலுக்கும் கால் இன்னொரு கோலுக்கும் போகும். விடியற்காலை ஓட்டமா? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பவே என் அக்காள் இரண்டு குடம் தண்ணீர் செலவழித்தாள். உங்களை ஓடவைக்க ஏசுதாசன் காசி விசுவநாதர் கோயில் தேரில்தான் கட்டி இழுக்கவேண்டும். பட்டாளத்தில் ஆடினானாம். பட்டாளத்தில் கோல் போட்டால் எதிராளி சல்யூட் அடிப்பான், செங்கோட்டைக்காரன் அடிப்பானா?

ஏலே, விளையாட்டுப் பேச்சு போதும். இந்தக் கிளப்புக்கு ஒரு மைதானம் கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவன் நான். பூட்டிக்கிடந்த நெல்களத்தை இரண்டு வருஷம் கெஞ்சி வாங்கினேன். தோற்றதற்காக என்னை நீக்கினால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவேன். ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக நீக்கினால், எண்ணெய் தேய்த்துக் கோப்பையைத் தொலைத்தவன் என்பதுதான் இனி என் பெயர். சிவசைலம் என்று கூப்பிட ஆள் இருக்காது. பால்காரன் ஆரம்பித்துவிட்டான், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கையைத் தூக்குமுன் யோசித்துக்கொள். எனக்கு எதிராக உன் கை எழுந்தால் அன்றோடு நீ எனக்கு மருமகன் இல்லை.

சிவசைலம்

தென்காசி,
10-8-59

மாமா அவர்களுக்கு,

நேற்று கமிட்டி கூடியது. உங்களுக்காக அய்யாக்குட்டி அண்ணாச்சி பேசினார். நன்றாகவே பேசினார். கைகளை எண்ணியபோது இரண்டு பக்கமும் சமமாக வந்தது. செக்ரட்டரி என்ற முறையில் என் ஓட்டு ஒன்றுதான் பாக்கி.

என்ன செய்யப்போகிறேன் என்று அம்மாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். "நாளைக்கு உங்க மாமன் மூஞ்சில முழிக்க வேண்டாமாலே?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏசுதாசனுக்குக் கை தூக்கினேன். அய்யாக்குட்டி அண்ணாச்சி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உங்களை மோசமான மானேஜர் என்று நான் அங்கே சொல்லவில்லை. தன் தப்பைத் தப்பு என்று சொல்லத் தெரியாத மானேஜர் என்று சொன்னேன். யாராவது கூட்டிச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

குற்றாலிங்கம்

சிவமயம்

குற்றாலம்,
19-8-59

முன்னாள் மருமகனும் முன்னாள் கோல்கீப்பருமான குற்றாலிங்கத்துக்கு,

செய்தி வந்தது! ஏசுதாசன் அணியைத் திருத்தி அமைத்துவிட்டாராம். முதல் திருத்தமே நீயாம்! உனக்குப் பதில் மசூதின் தம்பி கிதிர் முகம்மதுவாம்! இதைக் கேட்டதும் ஐந்தருவி ஆறருவியாகப் பெருகிவிட்டது. குரங்குகள் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்து கைதட்டின. நான் தனி ஆளாக ஒரு படி அரிசிச் சோறு சாப்பிட்டேன். எந்தக் கையால் அந்த மனுஷனைக் கூட்டிவந்தாயோ அந்தக் கைக்கு இப்போது வேலை இல்லை. அடடா! ஏசுதாசனுக்கு என் பாராட்டைச் சொல். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

சரி, சிரித்து முடித்துவிட்டேன். இனி எழுதுவது தெருவுக்கு இல்லை. அதனால்தான் கவர் வாங்கினேன்.

செங்கோட்டை கிளப்பில் என்னை மானேஜராக எடுத்துக்கொண்டார்கள். ஐந்து கோல் போட்ட பார்வர்டுகள் அங்கே இருக்கிறார்கள். கோல்கீப்பர்தான் சரியில்லை. உன்னை நீக்கவேண்டும் என்று நான் முதலில் எழுதியது கோபத்தில் எழுதியது. உன் கையைப் போல ஒரு கை இந்தப் பக்கத்தில் கிடையாது. 29-ந் தேதி தென்காசியில் நாங்கள் பொதிகையோடு ஆடுகிறோம். எதிரியாக வருவதால் என் சபதம் அன்று செல்லாது. செங்கோட்டைக் கோலில் நீ நில். உன்னை உட்காரவைத்த ஏசுதாசன் கண்ணெதிரே நில். ஒன்றுகூட விடாதே.

அதற்கு நீ செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு கார்டு எழுது. கவர் வேண்டாம், கார்டு. "ஐந்து கோலும் என் தவறால் விழுந்தவை. மாமாவின் எண்ணெய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை" என்று இரண்டு வரி போதும். அதைக் குற்றாலம் பஸ் நிற்கிற இடத்தில் நானே ஒட்டிவைப்பேன்.

இருபத்துநாலு வயதில் ஓரமாக உட்கார உனக்கு முடியுமாலே? எழுது.

சிவசைலம்

பொதிகைக் கால்பந்துக் கழகம்,
தென்காசி,
21-8-59

ஐயா,

கார்டு கேட்டீர்கள். கார்டிலேயே எழுதுகிறேன்.

என்னை நீக்கியது உண்மை. காரணத்தை ஏசுதாசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ நல்லாத்தான் பிடிக்குதே. ஓரத்துலேருந்து பந்து உயரமா வந்தா மட்டும் கோலை விட்டு வெளிய வர பயப்படுதே. எனக்கு அது ஆகாது." இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். செங்கோட்டை போட்ட ஐந்தில் இரண்டு அப்படித்தான் விழுந்தன. அந்த இரண்டும் என் குற்றம். இந்தக் கார்டை எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மற்ற மூன்றும் உங்கள் எண்ணெயும் சொதியும் போட்ட கோல்கள். அதை நீங்கள் ஒரு வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டிருந்தால் கமிட்டியில் என் கை உங்களுக்குத்தான் எழுந்திருக்கும். இது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

செங்கோட்டைக்கு நான் வரமாட்டேன். 29-ந் தேதி எங்கள் கோலுக்குப் பின்னால் நிற்பேன். எப்போது வெளியே வரவேண்டும் என்று கிதிருக்குக் கத்திச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். விருந்தாளி கிளப்பின் மானேஜருக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் உங்களைச் சாப்பிட வரச்சொல்லி எழுதும்படி அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன். நிதானமாகச் சாப்பிடுங்கள். நீங்கள் குற்றாலம் பஸ் ஏறிய பிறகுதான் நான் வீட்டுக்குப் போவேன்.

இப்படிக்கு,
செக்ரட்டரி