டிபன் பாக்ஸ்

2005 செப்டம்பர் 5, திங்கள்

பாகங்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட் மெஷின் மறுபடி நின்றது. ஏன் நின்றது என்று பார்க்க லேப்டாப்பைச் சொருகினேன். அது கண் விழிப்பதற்குள் லைனில் இருந்த அத்தனை பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் சுப்பராயலு அண்ணன் சும்மா இருப்பாரா? "இன்னா இசக்கி, டிபன் பாக்ஸ் தொறந்துச்சா? சாம்பாரா, ரசமா?"

எல்லாருக்கும் சிரிப்பு.

டிபன் பாக்ஸ் சைஸில் சின்ன லேப்டாப். கொரியாக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது மெயின்டனன்ஸுக்கு விட்டுப் போனது. கீபோர்டில் கொரிய எழுத்து. ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடியதாம். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "புதுசெல்லாம் இந்த வருஷம் கிடையாது. மாசக் கடைசிக்குள்ள இதைச் சரி பண்ணு. இல்லைன்னா சர்வீஸை மெட்ராஸ் காண்ட்ராக்ட் ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன். நீ பேக்கிங்குக்குப் போ."

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டணுமா? முடியாது.

செப்டம்பர் 6

அனுமதி வாங்கி ரூமுக்கு எடுத்து வந்தேன். உள்ளே பார்த்தால் குப்பை! கொரியக் காலண்டர், மூன்று விளையாட்டு, எங்கள் கம்பெனியிலேயே இல்லாத நான்கு பிரிண்டருக்கான புரோகிராம். எல்லாம் ஆன் செய்தவுடனே ஓட ஆரம்பிக்கிறது. அப்புறம் எப்படி உருப்படும்? தூக்கி எறிந்தேன். இப்போதே பாதி நேரத்தில் எழுந்துவிடுகிறது. ஆஹா!

செப்டம்பர் 10, சனி

மெட்ராஸ் ரிச்சி தெருவில் பழைய மெமரி கிடைத்தது! கடைக்காரன் "இதுக்கு சேராது தம்பி" என்றான். சேரும் என்றேன். சேர்ந்தது. 128 எம்.பி. இப்போது 256. பாய்கிறது! ஆன் செய்வதும் அணைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். ரூம்மேட் நயினார் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான். "ஏலே, தாலி கட்டிரு. முடிஞ்சு போவும்."

அவனுக்கு என்ன தெரியும்? கார் கம்பெனியில் கதவு மாட்டுகிறவன்.

செப்டம்பர் 12

மானம் போச்சு.

மெஷின் நின்றது. ஓடினேன். சொருகியவுடன் திறந்தது, நான் காலரைத் தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒவ்வொரு வரியும் முக்கி முனகி வந்தது. மவுஸ் அம்பு நகரவே இல்லை. சுப்பராயலு அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மூடி நல்லாதாம்பா தொறக்குது. உள்ள சோறுதான் இல்ல" என்றார்.

ஏன்? ரூமில் ஓடுகிறது. லைனில் படுத்துக்கொள்கிறது. என்னதான்டா உனக்கு வேணும்? உடைச்சுப் போட்டுரலாமான்னு இருக்கு.

செப்டம்பர் 13

வைரஸ் இல்லை. டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது. பேக்கிங் கண்ணுக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 15, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

நயினார் விண்டோஸோடு வருகிற சீட்டு விளையாட வேண்டுமென்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். லுங்கி. கொஞ்ச நேரத்தில் அலறினான். "ஏலே, தொடை வேகுதுல! இத எடு மொதல்ல!"

சூடு! எனக்கு ஏன் உறைக்கவில்லை? சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரூமில் நான் ஆன் செய்து ரசித்துவிட்டு உடனே அணைத்துவிட்டேன், சூடேறவே விடவில்லை. லைனில்தான் தொடர்ந்து ஓட விடுகிறோம். சரி, காற்று போகிற ஓட்டை எங்கே? இடது பக்கம். அங்கே மஞ்சளாக ஏதோ கெட்டித்துப் போயிருந்தது. கொரியாக்காரன் பசை ஒட்டினானா? ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

நடுவில் குங்குமம். உள்ளே ஃபேன் இறக்கை முழுக்க விபூதி. போன வருஷ ஆயுத பூஜை! நானும் நயினாரும் கட்டிலில் உருண்டு சிரித்தோம்.

செப்டம்பர் 16

பல் விளக்கும் பிரஷ், ஸ்பிரிட். ஃபேன் இப்போது விசில் அடிக்கிறது. காலை முழுக்க அணைக்காமல் ஓட விட்டேன். வேகம் குறையவே இல்லை!

யார் வேலை என்று விசாரித்தேன். ஸ்டோர்ஸ் பெருந்தேவி அக்கா. நேரே போய்க் கேட்டேன். "எல்லா மெஷினுக்கும் வெச்சேன். இத்த மட்டும் வுட்டா கோச்சிக்காதா? மூஞ்சி எதுன்னே தெரியல. ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. சரி, அதான் மூஞ்சின்னு வெச்சேன்."

"உங்க மூக்குல சந்தனத்தை அடைச்சா நீங்க ஓடுவீங்களா?" என்றேன்.

"என் மூக்கப் பத்திப் பேசினினா ஒரு நட்டு தர மாட்டேன், பாத்துக்க."

பேச்சை மாற்றி நாலு நட்டு வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 21, புதன்

டீ பிரேக்குக்குச் சற்று முன் மெஷின் நின்றது. இந்த முறை அது நிற்க வேண்டுமென்று நான்தான் வேண்டிக்கொண்டிருந்தேன் — சொன்னால் அடிப்பார்கள். சொருகினேன். திறந்தது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது! பாகத்தைப் பிடிக்கும் கிளாம்ப் மூடியதா என்று சொல்லும் சென்ஸாரிலிருந்து சிக்னல் வரவில்லை. வயர் தளர்ந்திருந்தது. முறுக்கினேன். எல்லாரும் டீ குடித்துத் திரும்புவதற்குள் மெஷின் தயார்.

சுப்பராயலு அண்ணன் தன் கையிலிருந்த டீயை என் பக்கம் நீட்டினார். "குடி. ஆறிடப் போவுது."

செப்டம்பர் 30

மாசக் கடைசி. மெட்ராஸிலிருந்து யாரும் வரவில்லை. மேனேஜர் என்னைத் தாண்டி இரண்டு முறை போனார். பேக்கிங் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. நானாகக் கேட்பேனா? எனக்கென்ன பைத்தியமா?

அக்டோபர் 10, திங்கள்

நாளை விடுமுறை, அதனால் இன்றே பூஜை. லைன் முழுக்க வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய். பெருந்தேவி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து லேப்டாப் முன்னால் நின்றார். "நீயே காட்டுபா. எது மூஞ்சி?"

மூடிக்கு நடுவில் விரல் வைத்தேன். அங்கே வைத்தார். கையில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் இழுத்துவிட்டார்.

புது ஷிஃப்ட் சார்ட்டும் ஒட்டியிருந்தார்கள். மெயின்டனன்ஸ், 'ஏ' ஷிஃப்ட்: இசக்கி. பக்கத்தில் யாரோ பேனாவால் 'டிபன் பாக்ஸ்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுப்பராயலு அண்ணன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அழிக்கவில்லை.