உட்கார்ந்தே பார்த்த வேலை

மார்ச் 4
மறுபடி படுக்கை. சனிக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றேன். உடம்பு இன்னும் பழி வாங்குகிறது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு சுருண்டுவிட்டேன். கடைக்கார அக்கா போனில், "இந்த மாசமும் இப்படியே போனா வேற ஆள் பாக்கணும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11
டாக்டர்: "இந்தச் சோர்வு நோய் நிஜம். மனசுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா முடியாம போறதுக்கு முன்னாடியே உக்காரச் சொன்னேனே, ஏன் உக்கார மாட்டேங்கறீங்க?"
சொல்லியே விட்டேன். அம்மா அப்பா போனபின் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். உட்கார்ந்தபடி அவர் கண்ணில் பட்டால் பெல்ட்தான். "தண்டச்சோத்துக்கு நாற்காலி ஒரு கேடா?" அந்த வீட்டை விட்டு வந்து எத்தனையோ வருஷம். இன்னும் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்கிறேனே — ஏன்டி இப்படி? அழுது தீர்த்தேன்.

மார்ச் 12
அக்காவிடம் ஸ்டூல் கேட்டேன். அதற்கு முன் இரண்டு தடவை பாதியிலேயே திரும்பிவிட்டேன். "இதுக்கா இவ்ளோ தயக்கம்? லென்ஸ் தேய்க்கற மெஷின் பக்கத்துல கெடக்குதே, எடுத்துக்கோ." இத்தனை நாளும் என் காலடியிலேயே கிடந்திருக்கிறது!

மார்ச் 20
உட்காருவது இவ்வளவு பெரிய வித்தையா? யார் உள்ளே வந்தாலும் கால் தானாக எழுந்துவிடுகிறது. அக்கா, "ஸ்டூல்ல முள்ளா இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 16
ஒரு மாதமாக ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை! உட்கார்ந்தால் வந்தவர் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டம்; இரண்டு கருவிழிக்கும் நடுவே எடுக்கும் அளவு பிசகுவதே இல்லை. அக்கா சொல்லிவிட்டார்: "இனிமே அளவெடுக்கறது நீதான்."

மே 9
பெரியப்பா வந்தார். கண்ணாடி போட. நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தொடை துடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.
"நீயா? பெரியவன் வந்து நிக்கறேன், எந்திரிக்கத் தோணலையா?"
"அளவெடுக்கணும் பெரியப்பா. நீங்களும் உக்காருங்க."
உட்கார்ந்தார். ஐயோ, உட்கார்ந்தே விட்டார்!
"என் கண்ணையே பாருங்க."
அவர் பார்வை கீழே போனது.
"அசையாதீங்க. மறுபடி பாருங்க."
மூன்றாவது தடவைதான் அளவு கிடைத்தது. அந்தக் கண்ணை நான் நேராகப் பார்த்ததே இல்லை. லேசான பழுப்பு.

மே 10
இன்று படுக்கையில் விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். விழவில்லை. சோர்வு இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். கடைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெரியப்பாவின் லென்ஸை உட்கார்ந்தே பொருத்தினேன்.