கோடியக்கரையா, முதுமலையா

3-1-87, சனி

காலையில் பனி. எதிர்வீட்டுக் கேட் தெரியவில்லை. சைக்கிளுக்கு டியூப் மாற்ற வேண்டும். பால் கார்டு, மறக்கக் கூடாது.

ஜெசி கன்னியர் மடத்தில் சேர இன்னும் ஒரு மாதம். பிப்ரவரி முதல் வாரம், திருச்சி. அதற்குள் மூன்று பேரும் எங்கேயாவது போய் வரலாம் என்று நானே ஆரம்பித்தேன். கோயில், ஜெபக்கூட்டம் எதுவும் கிடையாது. மரம், தண்ணீர், மிருகம். அவள் அம்மா ஸ்டெல்லாவும் சரி என்றாள், அதிசயம்.

"எங்க போகணும்னு நீ சொல்லும்மா."

"உங்க இஷ்டம்பா."

சுர்ரென்று வந்தது. இன்னும் உள்ளே கால்கூட வைக்கவில்லை, அதற்குள் கன்னியாஸ்திரிகள் எடுக்கும் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பஞ்சுமிட்டாய்க்காகத் தரையில் உருண்டவள் இவள்தானா? இப்போது எதைக் கேட்டாலும் இஷ்டமில்லை, கஷ்டமில்லை. எனக்கு இது வேண்டும் என்று ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட்டு அனுப்ப ஆசை. வேறொன்றும் பெரிதாக இல்லை.

5-1-87, திங்கள்

ஃபேக்டரியில் தணிகாசலத்திடம் விசாரித்தேன். போன வருஷம் முதுமலை போய் வந்தவன். "இன்னா நைனா, இதுக்குப் போய் யோசிச்சிகினு கீற? யானை அப்டியே ரோட்டாண்ட வந்து நின்னுகினு கீது. குளுருதான். சொட்டர் எத்துகினு போ."

சாப்பிடும்போது முதுமலை என்றேன். ஜெசி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "கோடியக்கரை போலாமாப்பா?" என்றாள். மெதுவாகத்தான்.

விடுவேனா. "அங்கேர்ந்து வேளாங்கண்ணி எவ்ளோ கிட்டன்னு எனக்குத் தெரியாதா? மாதா கோயிலுக்குத்தானே?" தலையைக் குனிந்துகொண்டாள். பிடித்துவிட்டேன்!

மாதாமேல் எனக்குக் கோபமில்லை. வருஷா வருஷம் போகிறோம், மெழுகுவத்தி ஏற்றுகிறோம். ஆனால் மாதாவின் மகனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறவனுக்குச் சம்பந்தி வீட்டோடு கொஞ்சம் முறைப்பு இருக்கத்தான் செய்யும். டூருக்கும் சம்பந்தி வீட்டுக்கே எவனாவது போவானா? இதைச் சத்தமாகவே சொன்னேன். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதுமலை முடிவு.

12-1-87, திங்கள்

ஸ்வெட்டர் (ஒன்று இரவல்), டார்ச், ஃபிளாஸ்க், ஸ்டெ.வுக்கு வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம். குரங்குத் தொப்பி போட்டுப் பார்த்தேன். திருடன் மாதிரி இருப்பதாக ஜெசி சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள்.

17-1-87, சனி. தெப்பக்காடு

விரல் விறைக்கிறது, எழுத்து கோணல்.

வேனில் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். மான், மான், மறுபடி மான். காட்டெருமையின் பின்பக்கம். யானை, முகாமில் கட்டிப்போட்டது மட்டும்தான். கேப்பை உருண்டை தின்றது. பின்சீட்டில் ஒருவர்: "எங்கூராண்ட கோயில் யானை இத்தவிட பெருசு சார்." தணிகாசலத்தை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டெ. மலை ஏறும்போதே மூன்று வளைவுகளில் வாந்தி. ஜெசி நான் கேட்கும்போதெல்லாம் "நல்லாருக்குப்பா." ஒரு தடவை மட்டும் மூங்கில் புதரில் ஏதோ குருவியைப் பார்த்துவிட்டு, வேன் தாண்டிய பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அங்க என்ன பாக்குற, மான் போவுது பாரு" என்று திருப்பினேன்.

25-1-87, ஞாயிறு

பூசைக்குத் தாமதம். தண்ணீர் லாரி வரவில்லை.

மதியம் குமுதா வந்தாள். கோவில்பதாகைப் பெண், காலேஜில் ஜெசியோடு விலங்கியல் படித்தவள். ஜெசியும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தார்கள். காபி நான் போட்டேன். டூர் பற்றிப் பேச்சு வந்தது.

"இன்னா அங்கிள், முதுமலைக்கா இட்டுகினு போனீங்க? கோடியக்கரைக்கில்ல போயிருக்கணும்! காலேஜ்ல எங்கள இட்டுகினு போறப்ப இவளுக்கு அம்மை போட்டுகிச்சு. பூநாரை பாக்கலியேன்னு அழுதுகினே இருந்தா. குளுரு காலத்துல கூட்டங்கூட்டமா வந்து நிக்குமாம், நீட்டுக் காலு, ரோஸ் கலரு றெக்கை. பாத்துட்டு வந்த எங்களுக்கே இவதான் கத சொல்லுவா."

காபி ஆறி ஏடு கட்டியது. நான் குடிக்கவில்லை.

பறவைக்காகக் கேட்டிருக்கிறாள். அவளுக்கென்று ஒரே ஒன்று. அதைத்தானே நான் கேட்க ஆசைப்பட்டேன்? கேட்டு, மாதாவின் தலையில் போட்டு, கெட்டிக்காரன் மாதிரி சிரித்தும் விட்டேன். அந்த மூங்கில் புதரில் என்ன குருவி என்றுகூடக் கேட்கவில்லை. மடையன் நான். வடிகட்டின மடையன்.

சாயங்காலம் ஜெசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பூநாரைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க, மாதா கோயிலுக்கான்னு கேட்டீங்கப்பா. மாதாவுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நாளைக்குக் குடியரசு தினம், லீவு. செவ்வாய்க்கிழமைக்கு சி.எல். போடுகிறேன், இப்போதே கிளம்பலாம், வேளாங்கண்ணிப் பக்கமே திரும்ப வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"வேணாம்பா. அன்னிக்கே அந்த ஆசைய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன். கொடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாது."

என் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

5-2-87, வியாழன். திருச்சி

நல்ல வெயில். மடத்தில் வேப்பமரங்கள், பெருக்கிய வாசல். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். மதர் சுப்பீரியர் வயதானவர், கனிவாகத்தான் பேசினார். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது, சொல்லிவிட்டுப் போங்கள் என்றார்.

ஸ்டெ. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான், "பறவைன்னா உயிர் மதர்" என்றேன். பல வருஷமாகத் தெரிந்தவன் மாதிரி.

மதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லதாப் போச்சு! நம்ம கோழிப் பண்ணையப் பாத்துக்க ஆளில்லாம இருந்தோம்."

ஜெசி என் பக்கம் திரும்பாமல், "சரிங்க மதர்" என்றாள்.